கிளென் சத்திரசிகிச்சை செய்த பிள்ளைக்குக் குருதிக்குழாய்களை ஏன் அடைக்க வேண்டும்?

கனகராயன்
2025 பெப்ரவரி 16, இரவு 9.40

வணக்கம். நாங்கள் இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் செய்யும் குடும்பம். எங்கள் மகளுக்கு இப்போது நான்கு வயதும் மூன்று மாதமும் ஆகின்றன. இதயத்தின் முக்கூர் வால்வு உருவாகாமலும் வலது இதயவறை வளராமலும் பிறந்தவள். பதினொரு மாதக் குழந்தையாக இருந்தபோது கொழும்பில் அவளுக்குக் கிளென் என்ற சத்திரசிகிச்சையைச் செய்தார்கள். அதன் பின்னர் விரலில் மாட்டும் கருவியில் ஒட்சிசன் 83, 84 என்று நின்றது. ஓடி விளையாடினாள், முன்பள்ளியிலும் சேர்த்தோம். ஆனால் கடந்த ஐப்பசி மழை தொடங்கிய காலத்திலிருந்து அந்த எண் மெல்ல மெல்ல இறங்கி, இப்போது 74 ஐத் தாண்டுவதில்லை. முன்பள்ளிப் படலையிலிருந்து உள்ளே நிற்கும் வேப்பமரம் வரை நடப்பதற்குள் ஒரு தடவை நிலத்தில் இருந்துவிடுகிறாள். நகங்கள் நாவற்பழம் தின்றவை போல இருக்கின்றன.

சென்ற கிளினிக்கில் எக்கோ பார்த்த வைத்தியர், மயக்கமருந்து கொடுத்து, கதீற்றர் என்ற மெல்லிய குழாயைக் குருதிக்குழாய்க்குள் விடும் அறையில் படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றும், மேலதிகமாக வளர்ந்த குருதிக்குழாய்கள் இருந்தால் அப்போதே கொயில் என்ற கம்பிச்சுருள் வைத்து அடைக்கலாம் என்றும், அடுத்த பெரிய சத்திரசிகிச்சையை அதன் பின்னரே தீர்மானிக்கலாம் என்றும் கூறினார். அவர் நிதானமாக, ஒரு தாளில் கீறிக் காட்டித்தான் விளக்கினார். ஆனால் பத்து நிமிடமாக அவர் சிங்களத்தில் சொன்னதை, பக்கத்தில் நின்ற ஒருவர் "இரத்தக்குழாய் அடைக்கப் போகினமாம், பயப்பட வேண்டாமாம்" என்று ஒரே வரியில் எங்களுக்குத் தந்து முடித்துவிட்டார். கையெழுத்து வைக்க வேண்டிய தாளும் எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தபடியால், அனுமதிக்கும் நாளில் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினோம்.

என்னுடைய சந்தேகம் இதுதான். ஒட்சிசன் குறைந்த பிள்ளைக்கு இன்னும் கூடுதலாக இரத்தம் போக வழி செய்ய வேண்டுமல்லவா? வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் மடையைத் திறப்போமே தவிர, இருக்கிற மடையையும் மண் போட்டு மூட மாட்டோம். கம்பியை உள்ளே விட்டு அடைப்பது நெஞ்சைப் பிளப்பதைவிட இலேசானதுதானா, அந்தக் கம்பி அங்கேயே இருந்துவிடுமா என்பவற்றையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாமியார் "கொயில்" என்ற சொல்லைக் "கோயில்" என்றே கேட்டுக்கொண்டு, வைகாசிப் பொங்கலுக்குப் பிள்ளையைக் கொண்டுவருகிறேன் என்று வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வைத்துவிட்டார்.


இரவுப்பணி
2025 பெப்ரவரி 17, அதிகாலை 2.15

அண்ணா, நான் முள்ளியவளையைச் சேர்ந்தவள். வேறு மாகாணத்தில் ஒரு கதீற்றர் அறையில் எட்டு வருடமாகத் தாதியாக வேலை செய்கிறேன். உங்கள் மகளின் படத்தை நான் பார்க்கவில்லை. ஆகவே பொதுவாக நடப்பதை மட்டும் எழுதுகிறேன். முடிவு உங்கள் வைத்தியருடையது.

உங்கள் வாய்க்கால் கணக்கு பிழையானதல்ல. ஆனால் தண்ணீர் குறைந்தது குளத்திலா வாய்க்காலிலா என்று முதலில் பார்க்க வேண்டும். உங்கள் மகளின் உடலில் இரத்தம் குறையவில்லை. சுவாசப்பைக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு, அங்கே போகாமல் இடையிலேயே கசிந்து இதயத்துக்குத் திரும்புகிறது. வாய்க்கால் வரம்பில் நண்டு வளை விழுந்தால் மடையை எவ்வளவு திறந்தாலும் கடைசி வயலுக்குத் தண்ணீர் சேராது அல்லவா? அந்த வளையைத் தேடி அடைப்பதுதான் அவர்கள் சொன்ன வேலையாக இருக்க வேண்டும்.

ஏன் வளை விழுகிறது என்பதைச் சொல்ல, கிளென் என்ன செய்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சாதாரண இதயத்தில் வலது அறை இரத்தத்தைச் சுவாசப்பைக்கு அடித்து அனுப்புகிறது. உங்கள் மகளுக்கு அந்த அறை இல்லாதபடியால், தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் இரத்தத்தைக் கொண்டுவரும் மேற்பெருநாளத்தை இதயத்திலிருந்து பிரித்து, நேரடியாகச் சுவாசப்பை நாடியில் பொருத்தியிருக்கிறார்கள். அங்கே அடித்துத் தள்ளும் இயந்திரம் எதுவும் இல்லை, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் தண்ணீரைப் போல அழுத்த வித்தியாசத்தில்தான் இரத்தம் ஓடுகிறது. வயிற்றிலிருந்தும் கால்களிலிருந்தும் வரும் இரத்தம் இன்னும் சுவாசப்பைக்குப் போகாமல் இதயத்துக்குள்ளேயே வந்து கலக்கிறது. அதனால் கிளென் செய்த பிள்ளைக்கு 75 முதல் 85 வரை இருப்பது எதிர்பார்க்கப்படுவதே. அடுத்த சத்திரசிகிச்சையில் கீழ்ப்பக்க இரத்தத்தையும் சுவாசப்பைக்குத் திருப்பும்போதுதான் எண் தொண்ணூறுகளுக்கு ஏறும்.

இப்போது அவளுடைய கழுத்துப்பக்க நாளங்களில் அழுத்தம் கூடுதலாகவும் வயிற்றுப்பக்க நாளங்களில் குறைவாகவும் இருக்கும். முதலாவது 12, 13 என்றால் மற்றையது 5, 6 என்ற அளவில் இருக்கலாம். கருவில் இருந்த காலத்தில் திறந்திருந்து பின்னர் நூல் போல ஒடுங்கிப்போன சிறு நாளங்கள் நெஞ்சுக்குள் பல இருக்கின்றன. மேலே அழுத்தம் ஏறியதும் அவற்றில் ஒன்றிரண்டு மறுபடி விரிந்து, மேற்பக்க இரத்தத்தைச் சுவாசப்பைக்குக் காட்டாமலேயே கீழ்ப்பக்க நாளத்துக்கோ நேரே இதயத்துக்கோ கொண்டுபோய்விடுகின்றன. அந்த இரத்தம் ஒட்சிசன் ஏற்றாத கறுத்த இரத்தம். நகத்தில் நீங்கள் காண்பது அதைத்தான்.

அறைக்குள் நடப்பதையும் சொல்கிறேன். பிள்ளை முழுமயக்கத்தில் இருப்பாள். தொடையடியில் மட்டுமன்றிக் கழுத்திலும் ஊசி குத்துவார்கள், பதறாதீர்கள். மேற்பெருநாளம் இப்போது இதயத்துடன் தொடுக்கப்பட்டிருக்காதபடியால், கால்வழியாக இதயத்துக்கு வரும் கதீற்றரால் அந்தப் பக்கம் நேரே ஏற முடியாது. கதீற்றரின் பருமனைப் பிரெஞ்சு என்ற அளவில் சொல்வார்கள். மூன்று பிரெஞ்சு ஒரு மில்லிமீற்றர், பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நான்கு, ஐந்து பிரெஞ்சுக் குழாய்கள்தான் போதும். முதலில் ஒவ்வோர் இடத்திலும் அழுத்தம் அளப்பார்கள். பிறகு சாயம் செலுத்திப் படம் எடுப்பார்கள். திரையில் அந்தத் தேவையற்ற நாளம் கோரைப்புல் வேர் மாதிரி வளைந்து வளைந்து கீழே இறங்குவதைப் பார்க்கலாம்.

கொயில் என்பது பேனைக்குள் இருக்கும் சுருளைவிட மிக மெல்லிய, உருக்கிலோ பிளாற்றினத்திலோ செய்த கம்பிச்சுருள். அதில் பொலியெஸ்டர் இழைகள் மயிர் மயிராகப் பின்னப்பட்டிருக்கும். கதீற்றருக்குள் நேராகக் கிடந்து, நுனியைத் தாண்டியதும் தன் பழைய சுருள் வடிவத்துக்குத் தானே திரும்பிக்கொள்ளும். இரத்தத்தை நிறுத்துவது கம்பி என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் அந்த இழைகளில் உறையும் இரத்தமே குழாயை மூடுகிறது. கம்பி அது நிற்பதற்கு ஒரு கொழுகொம்பு மட்டும்தான். குழாயின் அகலத்தைவிடக் கால்வாசி பெரிய சுருளைத் தெரிவு செய்வார்கள். சிறியதை வைத்தால் இரத்தம் அதை அள்ளிக்கொண்டு போய்விடும். அகலமான குழாய் என்றால், நிக்கலும் தைத்தேனியமும் கலந்த கம்பிவலையால் செய்த அடைப்பான் ஒன்றை வைப்பார்கள்.

ஒரு விடயத்தை நீங்களும் வாய்திறந்து கேட்க வேண்டும். உங்கள் மகளின் உடலில் நாளத்து இரத்தம் வடிகட்டப்படாமல் நேரே மூளைக்குப் போகக்கூடிய வழி இருக்கிறது. ஆகவே எந்த வைத்தியசாலையில் எதற்காகச் சேலைன் ஏற்றினாலும், குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் பார்க்கும்படி சொல்லுங்கள். காய்ச்சலுக்கு உள்ளூர் ஆசுப்பத்திரியில் ஏற்றினாலும் இதே கதைதான்.


பாலைப்பழம்
2025 பெப்ரவரி 17, காலை 10.05

அண்ணா, நான் மாங்குளம். என் மகனுக்கு இருந்தது வேறு குறை. பிறந்து சில நாட்களில் தானாக மூடிக்கொள்ள வேண்டிய குழாய், பெருநாடிக்கும் சுவாசப்பை நாடிக்கும் இடையில் திறந்தே இருந்தது. இரண்டரை வயதில் தொடைவழியாக அடைப்பான் வைத்து மூடினார்கள். காலையில் உள்ளே போனவன் மறுநாள் சோறு கேட்டான். நெஞ்சில் ஒரு கீறலும் இல்லை.

எல்லாம் சுகமாகத்தான் நடந்தது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அன்று மாலை அவனுடைய வலது கால் மற்றையதைவிடக் குளிர்ந்திருப்பதை என் கைதான் முதலில் உணர்ந்தது. பாதத்தில் நாடித்துடிப்பும் இல்லை. கதீற்றர் போன நாடி ஒடுங்கி, உள்ளே சிறிதாக இரத்தம் உறைந்திருந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஏற்றினார்கள், மறுநாள் மாலைக்குள் துடிப்பு திரும்பியது. சின்னப் பிள்ளைகளின் நாடி சிறியது என்பதால் இது அவ்வப்போது நேர்வதுதான் என்று பின்னர் விளக்கினார்கள், நான் யாரையும் குறை சொல்லவில்லை. நீங்கள் இரண்டு பாதங்களையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள், தாதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். காலை மடக்காமல் நான்கு, ஆறு மணித்தியாலம் படுக்க வைப்பதுதான் அந்த நாளின் மிகப் பெரிய போராட்டம். என் மகனைக் கதை சொல்லி வெல்ல முடியவில்லை, அவனுடைய அப்பம்மாவின் குரலைத் தொலைபேசியில் பதிந்து கொண்டுபோனதுதான் உதவியது.

கையெழுத்து விடயத்தில் வெட்கப்பட வேண்டாம். தமிழில் முழுதாக விளங்கிய பிறகுதான் வைப்பேன் என்று நான் சொன்னபோது, யாரும் கோபிக்கவில்லை. வேறொரு விடுதியிலிருந்து தமிழ் வைத்தியர் ஒருவரைக் கூப்பிட்டு விளக்கினார்கள்.


மருதநிழல்
2025 பெப்ரவரி 18, மாலை 6.30

நான் ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவன், வன்னியில் பல வருடம் வேலை செய்தவன். தாதித் தங்கச்சி எழுதியது சரி, ஆனால் அது கதையின் ஒரு பாதி. மேலதிகக் குழாய் என்றால் எல்லாம் நண்டு வளை என்று எடுத்துக்கொண்டு, கண்டதையெல்லாம் அடைத்தால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது.

இதே பிள்ளையின் நெஞ்சில் எதிர்த்திசையில் ஓடும் குழாய்களும் இருக்கலாம். நெஞ்சுச் சுவரின் நாடிகளிலிருந்தும் தோளடி நாடியின் கிளைகளிலிருந்தும் கிளம்பி, ஏற்கெனவே ஒட்சிசன் ஏற்றிய சிவந்த இரத்தத்தை மறுபடி சுவாசப்பைக்குள் கொண்டுபோய்க் கொட்டுபவை அவை. நீலம் பாய்ந்த பிள்ளைகளில் இவை வளர்வது சாதாரணம். பாய்ச்சிய வயலிலிருந்து வழியும் தண்ணீரை மறுபடி இறைத்து அதே வயலுக்கு விடுவதைப் போன்றது இது. வயல் காயாது, ஆனால் இயந்திரம் இரட்டை வேலை செய்து தேயும். ஒரே ஓர் இதயவறையை வைத்துக்கொண்டு வாழும் பிள்ளைக்கு அந்தத் தேய்மானம் சிறிய விடயமல்ல. அந்த மேலதிக ஓட்டம் சுவாசப்பை நாடியில் அழுத்தத்தையும் ஏற்றி, மேலிருந்து தானாக இறங்கும் இரத்தத்துக்கு இடைஞ்சல் கொடுக்கும். இப்படிப்பட்ட நாடியை அடைத்தால், விரலில் தெரியும் எண் ஏறாது. ஓரிரு புள்ளி இறங்கவும் கூடும். அதைக் கண்டு சிகிச்சை பிழைத்துவிட்டது என்று பெற்றோர் கலங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த சத்திரசிகிச்சைக்கு முன்னர் இந்த நாடிகளை எல்லோருக்கும் வழமையாக அடைக்க வேண்டுமா, பெரியவற்றை மட்டும் அடைத்தால் போதுமா என்பதில் இதய வைத்தியர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அடைத்தாலும் சில மாதங்களில் பக்கத்தில் புதிதாக வளர்கின்றன என்பது அந்த விவாதத்தின் ஒரு காரணம்.

அடைக்கவே கூடாத வகை ஒன்றும் உண்டு. சுவாசப்பை நாடி பிறவியிலேயே உருவாகாத சில பிள்ளைகளில், பெருநாடியிலிருந்து நேரே வரும் பெரிய கிளைகள்தான் சுவாசப்பையின் ஒரு பகுதிக்கு இரத்தம் கொடுக்கும் ஒரே வழி. அதை மூடினால் அந்தப் பகுதி செத்துவிடும். உங்கள் மகளுக்கு இது பொருந்தாது. ஆனால் இத்தகைய பிள்ளையின் பெற்றோர் இதை வாசித்துக் குழம்பக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இன்னொன்று, கிளென் செய்த பிள்ளையின் ஒட்சிசன் இறங்குவதற்கு அடைக்கவே முடியாத ஒரு காரணமும் இருக்கிறது. ஈரலிலிருந்து வரும் இரத்தத்தில் சுவாசப்பைக்கு வேண்டிய ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. கிளென் செய்த பின்னர் அந்த இரத்தம் சுவாசப்பைக்கு நேரே போவதில்லை. நாளடைவில் சுவாசப்பைக்குள்ளேயே நாடியும் நாளமும் நுண்ணிய இடங்களில் ஒன்றோடொன்று நேரே ஒட்டிக்கொள்கின்றன. ஆயிரக்கணக்கான மயிர்க்குழாய்களில் பரந்து நடப்பதால் இதற்குக் கொயில் வைத்துப் பயனில்லை. ஈரல் இரத்தத்தையும் சுவாசப்பைக்குத் திருப்பும் அடுத்த சத்திரசிகிச்சையே இதற்கு மருந்து. எக்கோவில் மட்டும் இவற்றைப் பிரித்தறிவது கடினம் என்பதால்தான் உங்கள் வைத்தியர் படம் பிடிக்காமல் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அது நல்ல வைத்தியரின் அடையாளம்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நீங்கள் அடைக்கப்போகும் குழாய் எங்கிருந்து எங்கே இரத்தம் கொண்டுபோகிறது? பதில் "மேல் நாளத்திலிருந்து கீழ் நாளத்துக்கு" என்றால், எண் ஏறும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அடைக்கும் முன்னர் அந்தக் குழாயைப் பலூனால் தற்காலிகமாக மூடி, மேலே அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்களா என்றும் கேளுங்கள். அழுத்தம் மிகவும் ஏறினால், அந்தக் குழாய் கசிவு மட்டுமல்ல, மிதமிஞ்சிய தண்ணீரை வெளியே விடும் குளத்து வான் கதவைப் போலப் பிள்ளைக்கு உதவியும் இருந்திருக்கிறது என்று பொருள். அப்போது சுவாசப்பை நாடியில் எங்கேனும் ஒடுக்கம் இருக்கிறதா என்று பார்த்து அதைச் சரிசெய்யாமல் வளையை மட்டும் அடைத்தால், வேறிடத்தில் உடைக்கும்.

நெஞ்சைப் பிளப்பதைவிட இலேசா என்று கேட்டிருந்தீர்கள். இலேசுதான், ஆனால் விளையாட்டல்ல. கொயில் நழுவிச் சுவாசப்பைக்கோ பெருநாடிக்கோ போகலாம், அப்படிப் போனால் கண்ணி போன்ற கம்பியால் பிடித்து வெளியே எடுப்பார்கள். 1938 இல் பொஸ்டனில் றொபேட் குறொஸ் ஏழு வயதுச் சிறுமியின் நெஞ்சைத் திறந்து, மேலே மாங்குளத் தங்கச்சி சொன்ன அந்த மூடாத குழாயைக் கட்டினார். கிழக்கு பேர்லினில் வேர்ணர் போஸ்ற்மான் 1967 இல் அதே வேலையை நெஞ்சைத் திறக்காமல் கதீற்றரால் செய்யும் முறையை வெளியிட்டார். அவருடைய அடைப்பான் வளர்ந்தவர்களின் அல்லது பெரிய பிள்ளைகளின் நாடிக்குள்தான் நுழையும் பருமனில் இருந்தது. ஜியன்ரூர்கோ என்ற வைத்தியரின் கொயில் 1975 இல் வந்த பின்னர்தான் சின்னக் குழாய்களுக்கும் வழி பிறந்தது.

பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீலம் பாய்ந்த பிள்ளையின் இரத்தம் தடித்திருக்கும். தண்ணீர் குறைந்தால் உறைந்து மூளையில் அடைக்கக்கூடும். இரவு பஸ்ஸில் வாந்தி எடுக்கிறாள் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். மயக்கமருந்துக்காக வெறும் வயிற்றில் வைக்கும் நேரத்தில் சேலைன் ஏற்றுவார்களா என்று கேளுங்கள். வற்றாப்பளைக்குப் போகலாம், ஆனால் உச்சி வெயிலில் சனநெரிசலில் நிற்க வைக்காமல், பொழுது சாய்ந்த பின்னர் கூட்டிப்போங்கள்.


கனகராயன்
2025 பெப்ரவரி 20, இரவு 8.55

ஐயா, தங்கச்சிமார், அறுவடை நேரமானபடியால் உடனே எழுத முடியவில்லை. நண்டு வளை என்றதும் என் மனைவிக்கு விளங்கிவிட்டது. மாமியாருக்கு அவளே விளக்கினாள். கொயிலோடு பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கலாமா? மகள் அஸ்பிரின் குடிக்கிறாள், எங்கள் ஊரில் டெங்கு இருக்கிறது, அதையும் சொல்லுங்கள்.


இரவுப்பணி
2025 பெப்ரவரி 21, அதிகாலை 3.40

கொயில் வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருக்கும், சில மாதங்களில் அதைச் சுற்றி உடலின் இழையம் வளர்ந்து மூடிவிடும். பிளாற்றினக் கொயில்களோடும் நிக்கல் தைத்தேனிய அடைப்பான்களோடும் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். உருக்கில் செய்தது என்றால் படத்தில் அந்த இடம் கறுத்து மறைக்கும். எது வைக்கப்பட்டது என்று எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி, கிளினிக் கொப்பியோடு வைத்திருங்கள். முதல் ஆறு மாதத்துக்குள் பல் பிடுங்குவதென்றால் முன்னதாகவே நுண்ணுயிர்கொல்லி கொடுக்க வேண்டும். உங்கள் மகளுக்கு நீலம் இருக்கும்வரை அது எப்படியும் வேண்டியதுதான். அஸ்பிரின் விடயத்தில் நானாக ஒன்றும் சொல்ல மாட்டேன். காய்ச்சல் வந்த அன்றே வைத்தியரிடம் காட்டி, இவள் அஸ்பிரின் குடிக்கிறாள் என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். டெங்கில் அது இரத்தக்கசிவைக் கூட்டும்.


கனகராயன்
2025 மே 13, மாலை 7.20

மூன்று நாளுக்கு முன்னர் வீடு திரும்பினோம். ஐயா சொன்ன கேள்வியைத் தமிழில் எழுதிக்கொண்டுபோய், ஒரு தமிழ் வைத்தியரைக் கொண்டு கேட்க வைத்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. அன்று கீறிய தாளிலேயே இரண்டாவது தடவையாக, இம்முறை நிறப்பேனையால் கீறிக் காட்டினார்கள்.

இடது தோளடியிலிருந்து இறங்கி வயிற்றுப்பக்கம் போய்ச் சேர்ந்த ஒரு நாளம் இருந்தது. பலூனால் மூடிப் பார்த்தபோது மேலே அழுத்தம் 12 இலிருந்து 13 ஆக மட்டும் ஏறியதாம். அதன்பிறகு ஓர் அடைப்பானும் அதற்குக் கீழே இரண்டு கொயில்களும் வைத்தார்கள். நெஞ்சுச் சுவரில் இரண்டு சிறிய நாடிகளும் தெரிந்தன. அவற்றை இப்போது தொடவில்லை, அடுத்த சத்திரசிகிச்சைக்கு முன்னர் மறுபடி பார்க்கலாம் என்றார்கள். மருதநிழல் ஐயா முன்னரே எழுதியிருக்காவிட்டால், கண்டதை ஏன் அடைக்காமல் விட்டீர்கள் என்று நான் சண்டை பிடித்திருப்பேன்.

கால் குளிரவில்லை. இரண்டு பாதங்களையும் நானும் மனைவியும் முறைவைத்துத் தொட்டுக்கொண்டே இருந்தோம். கழுத்தில் ஓர் ஒட்டுத்துணி மட்டும் இருந்தது, அதை அவளே பிய்த்துவிட்டாள். இன்று காலை கருவியில் 82 காட்டியது. முன்பள்ளி வேப்பமரத்தைத் தாண்டி ஊஞ்சல் வரை இருக்காமல் நடந்தாள் என்று ஆசிரியை சொன்னார். நெஞ்சுப் படத்தைப் பார்த்த மாமியார், கொயில் இரண்டும் நெல்லுமணி அளவுகூட இல்லையே என்கிறார். நேர்த்தி அப்படியே இருக்கிறது, பொழுதுபட்ட பிறகு கூட்டிப்போவதாக அவரோடு பேசி முடித்திருக்கிறோம்.